பேக்கிங் மாற்றினேன், ராடைப் பார்க்கவில்லை: ஒரு பெயிண்ட் பம்பை இரண்டு தடவை பிரித்த அனுபவம்

நேற்று மாலை கன்னின், அதாவது தெளிக்கும் துப்பாக்கியின், விசையை விட்டதும் மோட்டார் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் பம்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிஸ்டனோடு ஏறி இறங்கும் ராடு மயிரிழைகூட நகரவில்லை, அதன் மேல்பக்கம் இருக்கும் எண்ணெய்க் கிண்ணத்தில் ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை. இந்தப் பத்து நிமிடத்துக்காக இரண்டு பேக்கிங் கிட் (கசிவை அடைக்கும் வளையங்களின் தொகுப்பு), ஒரு புது ராடு, வாங்கியிருக்கவே வேண்டாத ஒரு வால்வு, கிட்டத்தட்ட இரண்டு மாதம் போயிருக்கிறது. ஞாபகம் பசுமையாக இருக்கும்போதே எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்கள் முதல் தடவையிலேயே முடித்துக்கொள்ளட்டும்.

என்னிடம் இருப்பது மின்சாரத்தில் ஓடும் சிறிய ஏர்லெஸ் பம்ப். காற்றைக் கலக்காமல், பிஸ்டன் தரும் அழுத்தத்திலேயே பெயிண்டைத் தூளாக்கித் தெளிக்கிற வகை. பெயர்த்தகட்டில் நிமிடத்துக்கு 1.8 லிட்டர், உச்ச அழுத்தம் 227 பார், அதாவது 3300 பிஎஸ்ஐ, போடக்கூடிய பெரிய டிப் (கன்னின் தெளிக்கும் முனை) 0.021 அங்குலம் என்று இருக்கிறது. சுவர் வேலைக்கு நான் வழக்கமாகப் போடுவது 517 டிப். முதல் எண்ணை இரட்டித்தால் 12 அங்குலத் தூரத்தில் தெளிப்பு விரியும் விசிறியின் அகலம் கிடைக்கும், அதாவது 10 அங்குலம். அடுத்த இரண்டு எண்கள் துளையின் அளவு: 0.017 அங்குலம், 0.43 மி.மீ. இந்த டிப்புக்கு இந்தப் பம்ப் தாராளமாகப் போதும். அதனால்தான் விசிறி கெட ஆரம்பித்தபோது என் சந்தேகம் பம்பின் மேல் போகவே இல்லை.

முதலில் தெரிந்தது வால். விசிறியின் இரண்டு ஓரத்திலும் தடித்த கோடு விழும், நடுவில் மெலிந்துவிடும். அழுத்தக் குமிழைக் கூட்டினால் சரியாகும். பிறகு ஒரு வாரத்தில் அதற்கு மேலும் கூட்ட வேண்டியிருந்தது. கடைசியில் குமிழ் உச்சத்தில் நின்றும் வால் போகவில்லை. கையில் ஒரு துடிப்பு வேறு: தெளிப்பு ஒரு கணம் பலமாகவும் அடுத்த கணம் சோர்ந்தும் வந்தது.

டிப் தேய்ந்தால் துளை பெரிதாகும், விசிறி குறுகும், அழுத்தம் தாங்காது. அதனால் புது டிப் போட்டேன். அரை மணி நேரம் நன்றாக இருந்ததுபோல் தோன்றியது. பிறகு கன்னில் இருந்த 100 மெஷ் வடிகட்டியையும் பம்பில் இருந்த 60 மெஷ் வடிகட்டியையும் கழுவினேன். கொஞ்சம் அடைப்பு இருந்தது, ஆனால் பலன் இல்லை. அடுத்து பெயிண்டில் தண்ணீரைக் கூட்டினேன். நான் செய்ததிலேயே அதிக வேலை வைத்த தவறு இதுதான். விசிறி விரிந்தது, சுவரில் பெயிண்ட் ஒழுகியது. காய்ந்த ஒழுகலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு முழுச் சுவரை மறுபடி அடித்தேன். பம்ப் பலவீனமாக இருக்கும்போது பெயிண்டை இளக்கினால், பம்பின் குறை சுவருக்குத்தான் மாறுகிறது.

பிறகு பிரைம் வால்வை, அதாவது பம்பில் பெயிண்டை நிரப்பும்போது அதைத் திரும்பும் குழாய் வழியாக வாளிக்கே விடும் வால்வை, மாற்றினேன். அது கசிந்தால் அழுத்தம் திரும்பும் குழாய் வழியாக வாளிக்கே போய்விடும் என்று படித்திருந்தேன். படித்தது சரி. ஆனால் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையைச் செய்யவில்லை. வால்வைத் தெளிப்பு நிலைக்குத் திருப்பி, கன்னை மூடி, திரும்பும் குழாயின் முனையை வாளிக்கு வெளியே தூக்கிப் பார்த்தால் போதும். சொட்டினால் வால்வு கசிகிறது, சொட்டாவிட்டால் வால்வில் குறையில்லை. புது வால்வைப் போட்ட பிறகு இதைச் செய்து பார்த்தேன். சொட்டவில்லை. பழைய வால்வைத் திரும்ப மாட்டியும் பார்த்தேன். அதுவும் சொட்டவில்லை. உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுந்தாலும் இதே துடிப்பு வரும், ஆனால் பிரைம் செய்யும்போது திரும்பும் குழாயில் குமிழி எதுவும் வரவில்லை. ஆக, இரண்டு பக்கமும் சுத்தம். குறை நடுவில், பிஸ்டன் இருக்கும் இடத்தில்.

கண்டுபிடித்தது நான் இல்லை, கூட வேலை செய்யும் தம்பி. முன்மூடியைக் கழற்றிவிட்டு, ராடு ஏறி இறங்குவதை இருவரும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வாளியில் தண்ணீர், கன் மூடியிருக்கிறது, குமிழ் பாதியில். கன் மூடியிருந்தால் அழுத்தம் ஏறியதும் மோட்டார் நிற்க வேண்டும். நின்றது, ஆனால் சில நொடிகளில் மறுபடி ஓடியது, மறுபடி நின்றது.

"அண்ணே, இறங்கும்போது நிக்குது. ஏறும்போது மட்டும் நிக்கவே மாட்டேங்குது, கவனிச்சீங்களா?"

அவன் சொன்ன பிறகு எனக்கும் தெரிந்தது. நிற்பது ஒவ்வொரு தடவையும் கீழ்நோக்கி வரும் ராடுதான். மேலே ஏறும்போது எங்கும் பிடிப்பே இல்லை, வெறும் காற்றில் ஏறுவதுபோல் ஏறியது.

இந்த வகைப் பம்புக்குள் இரண்டு பந்துகள் இருக்கின்றன. ஒன்று அடியில், உறிஞ்சும் வாயில். இன்னொன்று பிஸ்டனிலேயே. ராடு ஏறும்போது அடிப்பந்து திறந்து பெயிண்ட் உள்ளே வரும், பிஸ்டன் பந்து மூடிக்கொண்டு மேலே இருக்கிற பெயிண்டை ஹோஸுக்குத் தள்ளும். இறங்கும்போது அடிப்பந்து மூடும், பிஸ்டன் பந்து திறந்து பெயிண்ட் மேலறைக்குப் போகும், ராடு அடைக்கும் இடத்தின் அளவுக்கு ஹோஸுக்கும் போகும். ஆகவே இறங்கும்போது தாங்கவில்லை என்றால் அடிப்பந்தையும் அது உட்காரும் சீட்டையும் பார்க்க வேண்டும். ஏறும்போது தாங்கவில்லை என்றால் பிஸ்டன் பந்தும் கீழ்ப் பேக்கிங்கும். ராடை ஒட்டிப் பெயிண்ட் மேலே ஏறி எண்ணெய்க் கிண்ணத்தில் நிரம்பினால் மேல் பேக்கிங். என்னுடையது ஏறும்போது தாங்கவில்லை, கிண்ணத்திலும் பெயிண்ட் கலந்த சேறு இருந்தது. கீழ்ப் பேக்கிங், மேல் பேக்கிங் இரண்டும் போயிருந்தன. ஒரு ஸ்பானரையும் தொடாமல், ஐந்து நிமிடம் பார்த்து இவ்வளவும் தெரிந்துகொள்ளலாம். இதை முதல் நாளே செய்திருந்தால் டிப்பும் வால்வும் வாங்கியிருக்க மாட்டேன்.

ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஒன்று. இருநூறு பார் அழுத்தத்தில் டிப்பிலிருந்தோ ஹோஸில் இருக்கிற ஊசித்துளையிலிருந்தோ வரும் பெயிண்ட் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் சின்னக் கீறல்போலத்தான் இருக்கும், வலிகூட அதிகம் இருக்காது. உள்ளே பெயிண்ட் விரலின் நரம்பு வழியெங்கும் பரவியிருக்கும். விரலையே எடுக்க வேண்டிய அளவுக்குப் போகக்கூடிய காயம் அது. பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வேலையைத் தொடரக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய், பெயிண்ட் உள்ளே ஏறிவிட்டது, இன்ன பெயிண்ட் என்று சொல்ல வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரே வரிசைதான்: சுவிட்சை அணை, பிளக்கைப் பிடுங்கு, குமிழை அடிமட்டத்துக்குத் திருப்பு, கன்னை வாளியின் உள்பக்கம் வைத்து விசையை அழுத்து, பிரைம் வால்வைத் திற, கன்னின் பூட்டைப் போடு. பிரைம் வால்வைத் திறந்தபடியே விட்டுவிட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

முதல் பிரிப்பு

தேவைப்பட்ட கருவிகள் கொஞ்சம்தான். இரண்டு அட்ஜஸ்டபிள் ஸ்பானர், வைஸ், பிளாஸ்டிக் தலை சுத்தியல், ஆலன் கீ, பல் துலக்கும் பழைய பிரஷ், கைவிளக்கு. பேக்கிங்கைத் தோண்டி எடுக்க மூங்கில் குச்சி ஒன்றைச் சீவி வைத்துக்கொண்டேன். இரும்புக் கொக்கி பள்ளத்தின் சுவரைக் கீறிவிடும்.

முதலில் தண்ணீரை ஓடவிட்டு நன்றாக அலசினேன். பிறகு ராடு கீழே இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, இணைப்புக் கம்பியின் பின்னை வெளியே தள்ளி, பம்ப் பகுதியைக் கழற்றினேன். அடிவால்வு இறுகியிருந்தது. வைஸில் பிடித்து, ஸ்பானரின் வாலில் சுத்தியலால் இரண்டு அடி கொடுத்ததும் விட்டது. அடுத்து பேக்கிங் நட். அது விட்டதும் ராடின் மேல்முனையைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் ராடும் பிஸ்டனும் கீழ்ப்பக்கமாக வந்துவிடும். ஒவ்வொரு உருப்படியும் வெளியே வந்த வரிசையிலேயே ஒரு நீளத் துணியில் வைத்து, வளையம் எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று தெரிகிற மாதிரி படம் எடுத்தேன். இந்த ஒரு விஷயத்தை இரண்டு தடவையும் சரியாகச் செய்தேன்.

பேக்கிங் என்பது வி வடிவத்தில் அடுக்கிய வளையங்கள். என்னுடையதில் மேலே ஐந்து, கீழே ஐந்து, தோலும் வெள்ளைப் பிளாஸ்டிக்கும் மாறி மாறி. தோல் வளையங்கள் காய்ந்த பிஸ்கட் மாதிரி விறைத்திருந்தன. விரலால் மடக்கியதும் ஒன்று முறிந்தது. பிளாஸ்டிக் வளையத்தின் உதடு தேய்ந்து, கூராக இருக்க வேண்டிய விளிம்பு மழுங்கிப் போயிருந்தது. இரண்டு வளையங்களுக்கு நடுவே காய்ந்த பெயிண்ட் மணல்போல் இருந்தது. காரணம் கண்முன்னே இருந்தது. மேல் கிண்ணத்தில் தினமும் சில சொட்டு விட வேண்டிய எண்ணெயை நான் பல வாரம் விடவில்லை. அந்த எண்ணெய் இல்லாவிட்டால், ராடில் படிந்து வருகிற பெயிண்ட் அங்கேயே காய்ந்து, பேக்கிங்குக்குள் உப்புத்தாள்போல் வேலை செய்யும்.

ராடைத் துடைத்தபோது ஒரு பக்கம் நீளவாக்கில் மெல்லிய கோடு தெரிந்தது. இங்கேதான் நான் வழி தவறினேன். வாங்கிய கிட்டில் ராடு கிடையாது, தனியாகத்தான் வாங்க வேண்டும். மொத்தப் பம்ப் பகுதியின் விலையை நூறு என்று வைத்தால் கிட் முப்பது, ராடு இன்னொரு முப்பது. கோடுதானே, வழவழப்பாக்கினால் போதும் என்று நினைத்து மெல்லிய எமரித் தாளை ராடின் குறுக்கே சுற்றித் தேய்த்தேன். பளபளவென்று ஆனது, திருப்தியாகவும் இருந்தது. ராடின் மேல் இருப்பது மிக மெல்லிய கடின குரோம் பூச்சு, அதைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

தோல் வளையங்களைப் பத்து நிமிடம் எண்ணெயில் நனைத்து அடுக்கினேன். பூட்டினேன். பம்ப் புதிதுபோல் ஓடியது. விசிறியில் வால் இல்லை, குமிழ் பாதிக்குக் கீழே. பிரச்சினை முடிந்தது என்று அந்த இடத்தில் நினைத்தேன்.

பத்தொன்பதாவது நாள்

பத்தொன்பதாவது நாள் கிண்ணத்தில் எண்ணெய் பால் நிறமாக மாறியிருந்தது. பெயிண்ட் ஏறுகிறது. பேக்கிங் நட்டைக் கால் சுற்று இறுக்கினேன், நின்றது. இரண்டு நாளில் மறுபடி. மறுபடி கால் சுற்று. நான்காவது இறுக்கலுக்கு ஸ்பானரின் வாலில் குழாயைச் செருக வேண்டியிருந்தது. அன்று மதியம் கருகிய வாடை. பம்பை அணைத்துவிட்டு, அழுத்தத்தை இறக்கியபின் ராடைத் தொட்டேன். விரலை வைத்திருக்க முடியாத சூடு.

பேக்கிங் நட் கசிவை நிறுத்துவதற்கான அளவுக்கு மட்டும்தான், அதற்கு மேல் இல்லை. அடிக்கடி இறுக்க வேண்டியிருக்கிறது என்றாலே பேக்கிங்கையோ ராடையோ பார் என்று பம்ப் சொல்கிறது. நான் கேட்டிருக்க வேண்டிய நேரத்தில் இறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம்கூட ஆகாத கிட், மேல் அடுக்கு முழுவதும் கருகி ராடோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இந்தத் தடவை ராடில் இருந்து ஆரம்பித்தேன். டர்பன்டைனில் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தை ராடின் குறுக்கே மெல்ல ஓட்டினேன். கண்ணுக்குக் கோடாகத் தெரிந்தது நகத்துக்குப் பள்ளமாகத் தெரிந்தது. நகம் ஒரே இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் தட்டியது. அந்தக் கோட்டின் வழியாகத்தான் 200 பாரில் பெயிண்ட் மேலே ஏறிக்கொண்டிருந்தது. எத்தனை புது வளையம் போட்டாலும் கோட்டின் அடி வரை அது போய் மூடாது, கோட்டின் ஓரம் வளையத்தின் உதட்டை ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும் சீவிக்கொண்டே இருக்கும். மைக்ரோமீட்டர் கடன் வாங்கி, பேக்கிங்குக்குள் எப்போதும் போகாத மேல்முனையிலும், நான் எமரி போட்ட நடுப்பகுதியிலும் விட்டத்தை அளந்தேன். நடுவில் 0.03 மி.மீ. குறைவு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது இரண்டு இடத்தில் குரோமின் நிறமே மாறியிருந்தது. ராடு முடிந்துவிட்டது.

சிலிண்டரின் உட்சுவரைக் கைவிளக்கு வைத்து இரண்டு முனையிலிருந்தும் பார்த்தேன், உள்ளே சுண்டுவிரல் நகத்தை ஓட்டினேன். கீறல் இல்லை. மேல் பேக்கிங் உரசுவது ராடில், கீழ்ப் பேக்கிங் உரசுவது சிலிண்டரில். ஆகவே முதல் தடவை மாற்றிய கீழ்ப் பேக்கிங் இன்னும் நல்ல நிலையில் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. பிஸ்டன் அடித்தது நல்ல சுவரில்.

அடிவால்வையும் இந்தத் தடவை சோதித்தேன். சீட்டின் மேல் பந்தை வைத்து, மேலே டர்பன்டைன் ஊற்றி, அடியில் காகிதம் விரித்தேன். நாற்பது நொடியில் முதல் சொட்டு. பூதக்கண்ணாடியில் சீட்டின் விளிம்பில் ஒரு புள்ளி அளவு குழி தெரிந்தது. மழைக்காலத்தில் வெறும் தண்ணீரோடு பம்பை மூடி வைத்ததற்கான தண்டனை அங்கே சுற்றிலும் துருவாக இருந்தது. என் பம்பின் சீட்டை இருபக்கமும் போடலாம். புரட்டிப் போட்டு, பந்தையும் கிட்டில் இருந்த புதியதாக மாற்றினேன். மறுபடி டர்பன்டைன் ஊற்றினேன். பத்து நிமிடத்துக்குக் காகிதம் உலர்ந்தே இருந்தது. சீட்டைப் புரட்டுவதற்குச் செலவு ஏதுமில்லை, ஆனால் சோதிக்காமல் அதைச் செய்யத் தோன்றாது.

இரண்டாவது பூட்டல்

புது ராடும் புது கிட்டும் வந்தன. முதல் நாள் ராத்திரியே தோல் வளையங்களை 30 எண் மோட்டார் எண்ணெயில் ஊறப்போட்டேன். காலையில் அவை வேறு பொருளாகவே இருந்தன. கறுத்து, கனத்து, விரலால் அழுத்தினால் எண்ணெய் கசிந்தது. முறிந்த அந்தப் பழைய வளையத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடம் நனைத்தது வெறும் மேல்பூச்சுதான்.

அடுக்கும் திசையில் தவறு நடப்பது சுலபம். அதற்கு எனக்குப் பிடிபட்ட வழி இது: அழுத்தம் இருப்பது இரண்டு பேக்கிங்குக்கும் நடுவில் இருக்கும் அறையில். வி-யின் திறந்த வாய் எப்போதும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் அழுத்தம் உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். ஆகவே மேல் பேக்கிங் கீழ்நோக்கித் திறக்கும், கீழ்ப் பேக்கிங் மேல்நோக்கித் திறக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து வாய் திறந்தபடி இருக்கும். ஆண் வளையம் அந்தத் திறந்த வாய்க்குள் உட்காரும், பெண் வளையம் முதுகுப் பக்கம் தாங்கும். மேலே என்றால் ஆண் வளையம் அடியில், பெண் வளையம் நட்டுக்குக் கீழே. கீழே என்றால் அப்படியே தலைகீழ்.

பிஸ்டன் வால்வை ராடில் முறுக்குவதற்கு முன் மரையைத் துடைத்து உலர்த்தி, ஒரே ஒரு சொட்டு மரை ஒட்டும் பசை. கையேட்டில் கொடுத்திருக்கும் முறுக்கு அளவுக்கு டார்க் ஸ்பானரில் இறுக்கினேன். ஒரு சொட்டுக்கு மேல் போனால் பசை பந்தின் கூட்டுக்குள் ஒழுகி பந்தை ஒட்டிவிடும். பந்தை விரலால் தட்டி, சுதந்திரமாக ஆடுகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்ததுக்குப் போனேன்.

ராடை மேல் பேக்கிங்குக்குள் நுழைப்பதுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. ராடின் மேல்முனையின் விளிம்பு கூரானது. அது புது வளையத்தின் உதட்டில் ஒரு தடவை இடித்தால் போதும், எல்லாம் வீண். கிட்டில் வந்த பிளாஸ்டிக் தொப்பியை முனையில் மாட்டி, ராடு முழுக்க கிரீஸ் தடவி, கீழிருந்து நேராக, திருகாமல், பிளாஸ்டிக் சுத்தியலால் சின்னச் சின்னத் தட்டலாகத் தட்டி ஏற்றினேன். ஏறும்போது ஒரு சீரான இறுக்கம் கையில் தெரிய வேண்டும். திடீரென்று லேசானாலும் திடீரென்று மாட்டினாலும் நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். தட்டிக்கொண்டிருக்கும்போது தம்பி விளக்கைப் பிடித்து, "நேரா வருதுண்ணே, தட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அடிவால்வின் ஓ-ரிங்கில் கிரீஸ், அடிவால்வை இறுக்கியாயிற்று. பேக்கிங் நட்டைக் கையால் முட்டும் வரை திருகி, ஸ்பானரில் கால் சுற்று மட்டும். கிண்ணத்தில் எண்ணெய். நட்டிலும் பம்பின் உடலிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு இழுத்தேன், நட் நகர்ந்தால் தெரிய வேண்டும் என்று. பிரித்ததிலிருந்து பூட்டியது வரை மூன்று மணி நேரம் ஆனது. முதல் தடவை ஒன்றரை மணி நேரத்தில் முடித்தேன். அந்த ஒன்றரை மணி நேரச் சேமிப்பின் விலை எனக்குத் தெரியும்.

சோதனை

முதலில் தண்ணீர்தான். பிரைம் நிலையில் குறைந்த வேகத்தில் ஐந்து நிமிடம், திரும்பும் குழாயில் குமிழி நிற்கும் வரை. பிறகு டிப்பைக் கழற்றிவிட்டு, கன்னை அளவு போட்ட வாளிக்குள் திறந்து ஒரு நிமிடம். முதல் பழுதின்போது இதே சோதனையில் 1.1 லிட்டர்தான் வந்திருந்தது. இப்போது 1.75. பெயர்த்தகட்டில் சொன்னதற்குப் பக்கத்தில். பழுது வருவதற்கு முன்பே இந்த எண்ணை ஒரு தடவை எடுத்து பம்பின் மேல் எழுதி வைத்திருந்தால், வால் விழுவதற்கு எத்தனையோ வாரம் முன்னாலேயே குறைவது தெரிந்திருக்கும். இனி மாதம் ஒரு முறை எடுக்கப் போகிறேன். ஒரு வாளி தண்ணீர், ஒரு நிமிடம், அவ்வளவுதான்.

கன்னை மூடிவிட்டு நிற்கிறதா என்று பார்த்தேன். ஏறும்போது நின்றது. கொஞ்சம் தண்ணீர் விட்டுவிட்டு மறுபடி. இந்தத் தடவை இறங்கும்போது நின்றது. இரண்டு நிலையிலும் அசைவில்லை. அதற்குப் பிறகுதான் பெயிண்ட். குமிழ் பாதிக்கும் கீழே இருக்கும்போதே 517 முழு விசிறியாக, ஓரம் சுத்தமாக வந்தது.

மாற்றியிருக்கிற பழக்கங்களில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது பம்பை நிறுத்தும் இடம். ராடு கீழே இறங்கிய நிலையில் நிறுத்தினால், பெயிண்ட் படிந்த பகுதி பேக்கிங்குக்குக் கீழே ஈரத்திலேயே இருக்கும். மேலே நிறுத்திவிட்டு இடைவேளை எடுத்தால் அந்தப் பகுதி காற்றில் காய்ந்து, திரும்ப ஓட்டும்போது காய்ந்த பெயிண்டையும் சேர்த்து பேக்கிங்குக்குள் இழுக்கும். என் ராடில் கோடு விழுந்தது இப்படித்தான். எண்ணெயும் இல்லாததால் இரண்டும் சேர்ந்துகொண்டன. இன்னொன்று, பெயிண்டை நைலான் வலைத்துணியில் வடிகட்டாமல் வாளியில் ஊற்றுவதில்லை. பட்டித் தூள் விழுந்த பெயிண்ட் சுவருக்கு வேண்டுமானால் போகலாம், பம்புக்குள் போகக் கூடாது. தண்ணீர்ப் பெயிண்ட் ஓட்டிய பிறகு தண்ணீரில் அலசி, கடைசியாக டர்பன்டைன் ஓடவிட்டு அதோடுதான் மூடி வைக்கிறேன். துரு பிடித்த சீட்டின் மறுபக்கமும் போய்விட்டால் புரட்ட இன்னொரு பக்கம் கிடையாது.

செலவுக் கணக்கு நேராகச் சொல்கிறேன். பம்ப் பகுதியின் விலை நூறு என்றால், முதல் கிட் முப்பது, இரண்டாவது கிட் முப்பது, ராடு முப்பது, அனாவசிய வால்வும் டிப்பும் சேர்ந்து பதினைந்துக்கு மேல். புதிய பம்ப் பகுதியையே வாங்கியிருக்கலாம். ராடின் மேல் நகத்தை முதல் நாளே ஓட்டியிருந்தால் அறுபதில் முடிந்திருக்கும். அடுத்த தடவை ராடிலும் சிலிண்டரிலும் நகம் தட்டினால், இரண்டையும் தனித்தனியாக வாங்காமல் முழுப் பகுதியையே வாங்கிவிடுவேன். நகம் தட்டாவிட்டால் கிட் மட்டும் போதும்.

நேற்று மட்டும் ஆறு மணி நேரம் ஓடியிருக்கிறது. இரவு பம்பை மூடும்போது கிண்ணத்தில் எண்ணெய் தெளிவாக இருந்தது. நட்டின் மேல் இழுத்த கோடும் உடலின் மேல் இழுத்த கோடும் நேராகவே இருக்கின்றன.